அம்மா ராத்திரியில் பெரட்டுக்குக் கிளம்புகிறார், இது மறதி நோயா?

சுங்கை சிப்புட் மகன்:
அம்மாவுக்கு 79 வயது, இனிப்பு நீர் (நீரிழிவு) உண்டு. முப்பது வருடம் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். ஞாயிறு வரை தானே சமைத்து, மளிகைக் கணக்கையும் சரியாகச் சொன்னார். திங்கள் இரவு 3 மணிக்கு எழுந்து, "பெரட்டுக்கு நேரமாச்சு, உளிய எங்க வெச்ச?" என்கிறார். (பெரட்டு என்பது தோட்டத்தில் விடிகாலை ஆள் கணக்கெடுப்பு, உளி மரம் வெட்டும் கத்தி.) கட்டில் காலில் விரலால் கோடு இழுக்கிறார். பகலெல்லாம் தூங்கி வழிகிறார். "மறதி நோய்தான், இனி இப்படித்தான்" என்கிறார் பக்கத்து வீட்டு அத்தை. பொறுத்துப் பார்க்கலாமா?

ஓய்வுபெற்ற மிஸ்ஸி (தாதி):
பொறுக்காதீங்க தம்பி, இன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். மறதி நோய் இரண்டு நாளில் வராது. மாதக்கணக்கில் மெல்ல ஏறும். திடீரென்று வந்து, காலையில் தெளிந்து இரவில் கலங்கினால் டெலிரியமாக, அதாவது உடல்நோயாலோ மருந்தாலோ திடீரென வரும் மனக்குழப்பமாக இருக்கலாம். மூத்திரக் கிருமி, நிமோனியா, மலச்சிக்கல், ஏன், சளிக்குப் போடும் குளோர்பெனிராமின் மாத்திரைகூட இதைக் கிளப்பப் போதும். முதலில் விரலில் குத்திச் சர்க்கரை பாருங்கள். கடைசியாக எப்போது சிறுநீர் போனார்?

வார்டில் 4ஏடி என்று ஒரு சோதனை உண்டு. விழிப்பு, வயது, பிறந்த தேதி, இடம், வருடம், மாதங்களைத் தலைகீழாகச் சொல்வது, திடீர் மாற்றம் எல்லாம் பார்ப்போம். 4 புள்ளியோ அதற்கு மேலோ வந்தால் டெலிரியம் என்று சந்தேகிப்போம். ஆனால் நம் தோட்டத்துப் பாட்டிகள் பலருக்குப் பிறந்த தேதி யாரோ கிராணி (தோட்டத்துக் கணக்கர்) போட்டதுதானே! ஒருவர் தேதி தெரியாமல் விழித்தார், பயிற்சி மருத்துவர் உடனே தப்பு போட்டார். கிழமைகளைத் தலைகீழாகக் கேட்டேன். ஞாயிறு, சனி, வெள்ளி என்று ஒரே மூச்சில் முடித்துவிட்டு, "இது என்னம்மா கேள்வி?" என்றார்.

பீடோர் வாசகி:
என் அப்பா உளறவே இல்லை. சுருண்டு படுத்து, கூப்பிட்டால் 'ம்' என்பார். நன்றாகத் தூங்குகிறார் என்று விட்டுவிட்டோம். நிமோனியா.

ஓய்வுபெற்ற மிஸ்ஸி:
அந்த அமைதியான வகைதான் அதிகம் தவறிப்போகும். தம்பி, டாக்டர் "வயசாச்சு" என்றால், ஞாயிறு வரை மளிகைக் கணக்கு பார்த்தார் என்று திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

சுங்கை சிப்புட் மகன்:
மூத்திரக் கிருமிதான். மருந்து ஏற்றி நாலு நாள் ஆயிற்று. மறதிச் சோதனையை உடம்பு தேறிய பிறகு கிளினிக்கில் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். நேற்று கண்ணாடியை மாட்டிவிட்டதும், "ஏண்டா வேலைக்குப் போகல?" என்றார். ராத்திரியில் இன்னும் கொஞ்சம் குழப்பம்தான். உளி கேட்கவில்லை, டார்ச் லைட் மட்டும் கேட்டார்.