குறிஞ்சியும் மண்சரிவும் காட்டும் கடவுள் எத்தகையவர்?

பூம்பாறையான்:
2018-இல் கோடைக்கானல் சரிவுகளில் குறிஞ்சி பூத்ததைக் கண்டதிலிருந்து மனத்தில் இருக்கும் எண்ணத்தை இங்கே விவாதத்துக்கு வைக்கிறேன். அறிவற்ற ஒரு செடி பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்து, மலை முழுவதும் ஒரே பருவத்தில் பூத்து, விதையிட்டு மடிகிறது. இத்தகைய ஒழுங்கு தானாக வர முடியாது. ஆகவே படைப்பைக் கொண்டே படைத்தவன் பேரறிவினன் என்று அறியலாம். படைப்பின் வழியாக, மனித அறிவின் இயல்பான ஒளியாலேயே கடவுளை உறுதியாக அறிய முடியும் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் முதலாம் வத்திக்கான் சங்கமும் 1870-இல் அறிவித்தது. முருகனை வணங்கும் நான் இதில் அவர்களோடு முழுமையாக உடன்படுகிறேன்.

கூக்கால்வாசி:
ஐயா, எல்லாச் செடிகளும் ஒரே ஆண்டில் விதையிட்டால், விதை தின்னும் உயிர்கள் எவ்வளவு தின்றாலும் மிச்சம் முளைக்கும்; தனித்துப் பூத்த செடியின் விதை தப்புவது அரிது. தலைமுறைதோறும் நடந்த இந்த இயற்கைத் தேர்வே ஒழுங்காகத் தெரிகிறது என்பது உயிரியலார் முன்வைக்கும் விளக்கம். அதில் வடிவமைத்த ஒருவருக்கு இடம் தேவைப்படவில்லை.

செண்பகனூர் ஆசிரியை:
நீங்கள் இருவரும் ஒழுங்கைப் பற்றியே பேசுகிறீர்கள். 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார், சைவ சித்தாந்தத்தின் முதன்மை நூலான சிவஞான போதத்தின் முதல் சூத்திரத்தை ஒழுங்கின் மேல் கட்டவில்லை. அவன், அவள், அது என்று சுட்டப்படும் உலகம் தோன்றி, நின்று, ஒடுங்குவதால், அது ஒடுங்குவதற்கும் மீளத் தோன்றுவதற்கும் இடமான முதல் ஒன்று உண்டு என்பதே அவர் வாதம். குறிஞ்சிக்கு உயிரியல் விளக்கம் கிடைத்ததால் இவ்வாதம் தளராது. ஏனெனில் செடியும் பூச்சியும் தேர்வும் சேர்ந்த அந்த முழு நிகழ்ச்சியுமே தோன்றி மறைபவற்றுள் அடங்கிவிடுகிறது. ஆனால் பூம்பாறை ஐயா நினைக்கும் அளவுக்கு அறிவு நெடுந்தொலைவு செல்லாது என்பதையும் சொல்ல வேண்டும். முதல் ஒன்று உண்டு என்பது வரை அது நம்மைக் கொண்டுபோகும். அம்முதல் அன்புடையது என்பதை நம்பிக்கையே அறிகிறது.

கூக்கால்வாசி:
ஆசிரியை அவர்களே, அந்த 'ஒன்று' என்பதை அறிவால் நிறுவலாம் என்பதையே நம்பிக்கையாளர் ஒருவர் மறுத்திருக்கிறார். மலையும் கடலும் ஒரே காலத்தில் ஒருவரால் ஆக்கப்பட்டவை என்பதற்கு அனுமானத்தில், அதாவது கண்டதைக் கொண்டு காணாததை அறியும் முறையில், சான்றில்லை என்று காட்டி, இறைவனைச் சாத்திரத்தாலேயே அறிய முடியும் என்றார் வைணவ ஆசாரியர் இராமாநுசர். அவர் நேர்மையை மதிக்கிறேன். என் பெரிய தடை வேறு. 2009 நவம்பரில் நீலகிரியில் கேத்திப் பகுதியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அப்போதைய மண்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். குறிஞ்சி படைத்தவனின் இயல்பைச் சொல்லும் என்றால், அந்த மழையும் சொல்ல வேண்டும் அல்லவா?

பூம்பாறையான்:
சரிவுகளை வெட்டியும் ஓடைகளை அடைத்தும் வீடு கட்டியவர்கள் நாம்தாம்.

கூக்கால்வாசி:
அது ஒரு பங்கு மட்டுமே, ஐயா. இறந்த குழந்தைகள் எந்தச் சரிவையும் வெட்டவில்லை.

செண்பகனூர் ஆசிரியை:
மழையும் சொல்லத்தான் வேண்டும், தட்டிக்கழிக்க மாட்டேன். சைவ சித்தாந்தம் இறைவனின் ஐந்தொழில்களுள் அழித்தலையும் மறைத்தலையும் வைத்திருக்கிறது. படைப்பு தன் முதல்வனை வெளிப்படையாகக் காட்டிவிடாது என்பது எங்கள் சமயமே ஒப்புக்கொண்ட செய்தி.

கூக்கால்வாசி:
அப்படியானால் எது நேர்ந்திருந்தால் அவன் அன்பற்றவன் என்று ஒப்புவீர்கள்? எதுவுமே எதிர்ச்சான்று ஆகாத ஒரு கூற்றை அறிவு என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

செண்பகனூர் ஆசிரியை:
அப்படியொரு நிகழ்ச்சியை என்னால் சொல்ல முடியாது. அதனால்தான் இறைவனின் அன்பை அனுமானத்தின் முடிவாக நான் எழுதவில்லை. அப்பர் பாடிய முதல் பதிகம், சூலை நோய் தாங்க மாட்டாமல் திருவதிகையில் பாடியது. அதில் அவர் உலகின் ஒழுங்கை எடுத்துக்காட்டி வாதிடவில்லை. வலியோடு ஒருவனிடம் முறையிடுகிறார். அந்த உறவுக்கு வெளியே நின்று அதை மெய்ப்பிக்கும் வழி எனக்குத் தெரியாது. உள்ளே நின்று மறுக்கவும் முடியவில்லை.