பாப்பாவின் முதல் 300 பை

குழு: நம்ம வீட்டு ஆட்கள்

அம்மா: எல்லாருக்கும் ஒரு நல்ல சேதி. பாப்பாவின் தாம்பூலப் பை 300க்கும் பணம் முழுசாக வந்துவிட்டது. 11,400 ரூபாய். கல்யாண வீட்டு அம்மாவே கூப்பிட்டு, மண்டபத்தில் பையை யார் செய்தது என்று பலரும் விசாரித்ததாகச் சொன்னார். எட்டாம் வகுப்புப் பிள்ளை என்றதும் நம்பவே இல்லையாம்.

தாம்பரம் அத்தை: என் தங்கமே! 👏👏 அண்ணி, சாயங்காலம் மறக்காமல் சுற்றிப் போடுங்கள்.

பெரியப்பா: சபாஷ். லாபம் எவ்வளவு நின்றது?

அம்மா: பெரியப்பா, நான் பாப்பா. அம்மா போனில் எழுதுகிறேன். ஒரு பைக்கு காடா துணி (வெளுக்காத பருத்தித் துணி) 12, தையல் கூலி 9, பிரிண்டிங் 6, நூலும் ஆட்டோவும் சேர்த்து 1. ஆக 28. விற்றது 38. கையில் நின்றது 3,000.

அண்ணன்: கூலியை 7க்குப் பேசியிருந்தால் இன்னும் 600 நின்றிருக்கும்.

அம்மா: நான் பாப்பாதான். முடியாது அண்ணா. கீழ்வீட்டு அக்கா கைப்பிடியை மடித்து மேலே இரண்டு தையல் போடுகிறார். இல்லையென்றால் தேங்காய் கனத்துக்குப் பிய்ந்துவிடும். அந்த வேலைக்கு 9 கொடுத்தே ஆக வேண்டும்.

பெரியப்பா: அப்படிச் சொல்லு கண்ணு! கோடௌன் தெருவில் நான் கடை வைத்திருந்த காலத்தில், கூலியைக் குறைத்துக் குறைத்துக் கடைசியில் சீசன் நேரத்தில் தைக்க ஆளில்லாமல் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அந்த 3,000ஐவிட இந்தப் பதில்தான் பெரிய சந்தோஷம்.

தாம்பரம் அத்தை: பையில் அப்படி என்ன விசேஷம்? போட்டோ போடுங்கள் அண்ணி.

அம்மா: போட்டோ அனுப்பியிருக்கிறேன். இப்போது எழுதுவது நான்தான். வழக்கமாக என்ன செய்வார்கள்? பையின் முன்பக்கம் முழுக்க மாப்பிள்ளை பெண் பெயர், தேதி, மண்டபம் எல்லாம் பெரிசாக அடிப்பார்கள். வாங்கியவர்கள் வீட்டுக்கு வந்ததும் பரணில் போட்டுவிடுவார்கள். யார் வீட்டுக் கல்யாணப் பெயரையோ தூக்கிக்கொண்டு காய்கறி வாங்கப் போக ஒரு மாதிரி இருக்கும் இல்லையா? இவள் அந்தப் பெயரையெல்லாம் உள்மடிப்பில் சின்னதாக வைத்துவிட்டாள். வெளியே அவளே வரைந்த சிக்குக் கோலம் மட்டும். அடியில் பட்டை வைத்துத் தைக்கச் சொன்னாள், அதனால் பை கீழே வைத்தால் சாயாமல் நிற்கிறது. போன வாரம் பெரம்பூர் மார்க்கெட்டில் ஒருவர் அதே பையில் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டிருந்தார். இவள் என் கையை இழுத்து இழுத்துக் காட்டுகிறாள்!

பெரியப்பா: நல்ல யோசனை. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ என்ற இயக்கத்தை அரசே தொடங்கியது. கோயம்பேட்டில் 10 ரூபாய் போட்டால் பை தரும் இயந்திரமே வைத்தார்கள். பைக்குத் தேவை இருக்கிறது. திரும்பத் திரும்ப எடுத்துப்போகும் பையாக இருக்க வேண்டும், அதைப் பிள்ளை பிடித்துவிட்டாள்.

ஆயா (குரல் பதிவு, அத்தை எழுதியது): எல்லாம் சரிம்மா. படிப்பு? அரையாண்டுப் பரீட்சை வருகிறதே. சின்னப் பிள்ளைக்கு இப்போதே காசு ருசி காட்டாதீர்கள்.

மாமா: ஆயா, நீங்கள் சொல்வதும் நியாயம்தான். ஆனால் நம் சென்னையிலேயே ஷ்ரவண் குமரன், சஞ்சய் குமரன் என்று அண்ணன் தம்பி இருவர் பத்து வருடத்துக்கும் முன்பே கோ டைமன்ஷன்ஸ் என்று தொடங்கி மொபைல் செயலிகள் செய்தார்கள். அப்போது பெரியவனுக்கு 12, சின்னவனுக்கு 10. பள்ளிக்கூடம் போய்க்கொண்டேதான் செய்தார்கள்.

அண்ணன்: மும்பையில் திலக் மேத்தாவும் உண்டு. 2018ல் 13 வயதில், வீட்டுச் சாப்பாட்டை ஆபீசுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் டப்பாவாலாக்களை வைத்து ஊருக்குள் பார்சல் அனுப்பும் கம்பெனி ஆரம்பித்தான்.

மாமா: ஆமாம். அக்கா, இன்னொரு விஷயம். அந்தப் பணத்தை உன் கணக்கில் வைக்காதே. 10 வயது முடிந்த பிள்ளைகள் தாங்களே சேமிப்புக் கணக்குத் தொடங்கி நடத்த ரிசர்வ் வங்கி 2014லேயே வழி செய்துவிட்டது. எவ்வளவு வரை எடுக்கலாம் என்பதை வங்கி சொல்லும். அவள் பெயரில் பாஸ்புக் இருக்கட்டும். ஆனால் ஆர்டர் காகிதத்தில் கையெழுத்து நீதான் போட வேண்டும். 1872ம் வருட ஒப்பந்தச் சட்டப்படி 18 வயது ஆகாதவர் ஒப்பந்தம் போட முடியாது. 1903லேயே பிரிவி கவுன்சில் (அன்று நமக்கு மேல் கோர்ட், லண்டனில் இருந்தது), அப்படிப் போட்டால் அது செல்லவே செல்லாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. நாளை எவராவது பணம் தராமல் இழுத்தடித்தால் பிள்ளை கையெழுத்தை வைத்துக் கேட்பது சிக்கலாகிவிடும்.

அப்பா: சனிக்கிழமை வங்கிக்குக் கூட்டிப்போகிறேன். இப்போது அடுத்த பிரச்சினை. தை முகூர்த்தத்துக்கு 500 பை கேட்டு ஒருவர் வந்திருக்கிறார். ஆயா சொன்ன பரீட்சை நடுவில் இருக்கிறது. எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று தோன்றுகிறது.

பெரியப்பா: அதை அவளிடமே கேள்.

அம்மா: நான் பாப்பா. அப்பா, அவர்களிடம் ஏற்கெனவே பேசிவிட்டேன். அவர்களுக்குத் தை 10க்குள் கொடுத்தால் போதும். கோலம் முன்பே வரைந்து வைத்தது இருக்கிறது. பரீட்சை முடிந்த மறுநாள் துணி எடுக்கலாம், விடுமுறையில் கட்டிங், தைப்பது கீழ்வீட்டு அக்காவும் அவர் தங்கையும். பாதிப் பணம் அட்வான்ஸ் கேட்டேன், சரி என்றார்கள். பரீட்சை முடியும்வரை பையைத் தொட மாட்டேன். ஆயா, சத்தியம்.

ஆயா (குரல் பதிவு, அத்தை எழுதியது): அப்படியென்றால் செய் கண்ணு. கைப்பிடி நாடா திருப்ப நானும் வருகிறேன்.

பெரியப்பா: துணி எடுக்கும் அன்று என்னைக் கூப்பிடு. எந்தக் கடைக் காடா துணி துவைத்தால் சுருங்காது என்று எனக்குத் தெரியும்.

அப்பா: சரி, 500க்கு நான் குறுக்கே நிற்கவில்லை. துணிக்கட்டு ஏற்றி இறக்குவது என் வேலை.

தாம்பரம் அத்தை: பாப்பா, மாசியில் நம் வீட்டில் வளைகாப்பு இருக்கிறது இல்லையா, எனக்கும் 60 பை வேண்டும். முழு விலை தருகிறேன், அத்தை என்று குறைக்காதே.

அம்மா: நான் பாப்பா. அத்தை, 60தான் என்பதால் பிரிண்டிங் ஒரு பைக்கு 2 ரூபாய் கூடும், எத்தனை பையானாலும் அச்சடிக்கும் ஸ்கிரீன் செய்யும் செலவு அதே அளவுதான். 40 ரூபாய் ஆகும், பரவாயில்லையா? வளையல் எத்தனை டஜன் உள்ளே வைப்பீர்கள் என்று சொல்லுங்கள், அதற்குத் தகுந்த அளவில் வெட்ட வேண்டும்.