விமானத்தில் பசை: பார்த்தவர்கள் பகிரலாம்

விமானத்தின் பாகங்களைப் பசையால் ஒட்டுகிறார்கள் என்றால் இன்றும் பலர் நம்புவதில்லை. ரிவெட் (தகடுகளைத் துளைபோட்டு இணைக்கும் ஆணி) இல்லாமல் எப்படி நிற்கும் என்பார்கள். பசை ஒட்டும் பிரிவில் வேலை பார்த்தவன் என்பதால் நானே தொடங்குகிறேன்.

எங்களுக்குப் பசை ரோலாக வரும், இருபக்க டேப் மாதிரி மெல்லிய படலம். மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் இருக்கும். வெளியே எடுத்ததும் உறையைப் பிரிக்கக் கூடாது. குளிர் விடுவதற்குள் பிரித்தால் காற்றின் ஈரம் பசைமேல் படிந்துவிடும். வெளியே இருந்த நேரமெல்லாம் பதிவேட்டில் ஏறும். அளவு தாண்டிவிட்டால், பார்க்கப் புதிதாகவே இருந்தாலும் அந்த ரோலைப் பயன்படுத்த முடியாது.

ஆனால் வேலையில் பெரும்பகுதி பசை வருவதற்கு முன்பே நடக்கிறது. அலுமினியத் தகட்டின் எண்ணெய்ப் பிசுக்கை நீக்கி, தொட்டி தொட்டியாக இறக்கிக் கழுவி, பாஸ்பாரிக் அமிலத்தில் அனோடைஸ் செய்து (மின்சாரம் செலுத்தி மேற்பரப்பில் ஆக்சைடு படலம் உண்டாக்கி), அப்புறம் பிரைமர் என்ற அடிப்பூச்சு. கழுவும் கட்டத்தில் தகட்டின்மேல் தண்ணீர் எப்படி நிற்கிறது என்று பார்ப்போம். ஒரே படலமாகப் பரவினால் சரி. எங்காவது விலகி முத்து முத்தாகத் திரண்டால், அங்கே அழுக்கு இருக்கிறது.

ஒருமுறை கையகல இடத்தில் மட்டும் தண்ணீர் விலகியது. கண்ணுக்கு ஒன்றுமே தெரியவில்லை, அனுப்பவேண்டிய தேதியோ நெருங்கிவிட்டது. எங்கள் மூத்த டெக்னீஷியன் எதுவும் பேசாமல் தகட்டை முதல் தொட்டிக்கே திருப்பி அனுப்பினார். அவர்மேல் அன்று வந்த மரியாதை இன்றும் குறையவில்லை. ஒட்டி முடித்தபின் அந்த இடத்தை யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாது. அல்ட்ராசவுண்ட் சோதனை இடைவெளியைக் காட்டும், குமிழியைக் காட்டும். ஒட்டியதுபோல் இருந்தும் பலமே இல்லாத இணைப்பை அது நம்பும்படி காட்டித் தராது. அதனால்தான் கூடவே மாதிரித் துண்டுகளையும் ஒட்டி உடைத்துப் பார்க்கிறோம். உடைந்த இரண்டு பக்கமும் பசை இருந்தால் நிம்மதி. ஒரு பக்கம் வெறும் உலோகம் பளிச்சென்று தெரிந்தால், எத்தனை விசை தாங்கியிருந்தாலும் அது தோல்விதான்.

1988 ஏப்ரல் 28 அன்று அலோஹா ஏர்லைன்ஸின் போயிங் 737 ஒன்றின் மேற்கூரை நடுவானில் பிய்ந்துபோனது. ஒரு பணிப்பெண் இறந்தார். தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இணைப்பில் பசை விட்டுப்போய், ஈரம் புகுந்து அரித்து, பசை தாங்கவேண்டிய சுமையெல்லாம் ரிவெட்டுகள்மேல் விழுந்து, துளைகளின் ஓரத்தில் விரிசல்கள் ஓடியிருந்தன. புதிதாகச் சேர்பவர்கள் எல்லோரும் அந்த விசாரணை அறிக்கையைப் படிக்கவேண்டும்.

மறுமொழி

செயற்கைக்கோள் பக்கத்திலிருந்து நான். எங்களுக்குப் பலத்தோடு இன்னொரு கவலையும் உண்டு. வெற்றிடத்தில் பசையிலிருந்து ஆவி கசிந்து கேமரா லென்ஸில் படியும். அதனால் 125 டிகிரியில், வெற்றிடத்தில், 24 மணி நேரம் வைத்துப் பார்ப்போம். எடை இழப்பு 1 சதவீதத்துக்குள், குளிர்ந்த தட்டில் படிவது 0.1 சதவீதத்துக்குள் இருந்தால்தான் வழக்கமாக ஏற்பார்கள்.

எப்போதும் கடினமான பசைதான் நல்லது என்றும் இல்லை. ஸ்பேஸ் ஷட்டிலின் வெப்பக்காப்பு ஓடுகளை நேராக அலுமினியத்தில் ஒட்டவில்லை. உலோகம் விரியும்போது ஓடு நொறுங்கிவிடும். நடுவே நோமெக்ஸ் என்ற வெப்பம் தாங்கும் இழையாலான கம்பளத்துண்டு வைத்து, இரண்டு பக்கமும் நெகிழும் சிலிக்கோன் பசை போட்டார்கள். அதே சிலிக்கோன், எபாக்சி என்ற கடினமான பசையால் ஒட்டும் அறைக்குள் துளி வந்தாலும் இணைப்பு கெட்டுவிடும். சிலிக்கோன் கலந்த கைக்கிரீமைக்கூட எங்கள் அறையில் அனுமதிப்பதில்லை.