சொல் கேட்காத நாயா, காது கேட்காத நாயா? வளவு வீட்டு நாய், பூனை, கோழி பற்றி ஒரு கேள்வி

வளவுவீட்டுப் பேத்தி:

காரைக்குடிப் பக்கம் கிராமம், பழைய வீடு. முகப்பு, பட்டாலை (கூடம்), வளவு (தூண் வைத்த நடு முற்றம்), ரெண்டாங்கட்டு (பின்கட்டு), அதற்குப் பின்னால் தோட்டம். வீட்டில் நான்கு உருப்படி, நான்குக்கும் நான்கு கிறுக்கு. "அதது குணம் அதது, விட்டுத் தள்ளு" என்கிறார் அப்பத்தா. எது குணம், எது கவனிக்க வேண்டிய கோளாறு என்று தெரிந்தவர்கள் பிரித்துச் சொல்லுங்கள்.

ராஜபாளையம் நாய், கடுவன், 14 மாதம். முழு வெள்ளை, மூக்கு ரோஜா நிறம். கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஆனால் முகப்புக் கதவை ஓங்கிச் சாத்தினால் சட்டென்று எழுந்துவிடுகிறான். தூங்கும்போது தொட்டால் பல்லைக் காட்டிச் சீறுகிறான், ஒரு முறை கையைக் கவ்வ வந்தான். வளவில் ஆத்தங்குடிக் கல் போட்ட இடத்தில் நடுவில் கால் வைக்கவே மாட்டான், சுவரை ஒட்டியே போவான். மத்தியானம் தோட்டத்தில் பள்ளம் தோண்டிப் படுத்துக்கொள்கிறான்.

மஞ்சள் கடுவன் பூனை, 2 வயது. பட்டாலையில் இருக்கும் தேக்குப் பெட்டி மேல் வாலைத் தூக்கிக்கொண்டு சிறுநீர் பீய்ச்சுகிறது. மூவண்ணப் பெட்டைப் பூனை ஒன்று. தோட்டத்தில் குப்பைமேனி பிடுங்கிப் போட்டால் அதன் மேல் எச்சில் ஒழுகப் புரளுகிறது. போதாததற்கு வளவுத் தூண்களை நகத்தால் கீறி வைக்கிறது.

நான்காவது நாட்டுக்கோழி. முட்டையே இல்லாத கூடையில் ஒரு வாரமாக உட்கார்ந்திருக்கிறது.

கண்மாய்க்கரை:

நாயைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நீங்கள் எழுதியதைப் படித்தால் இது பிடிவாதம் மாதிரி இல்லை. காது கேட்காத நாய்க்கு உள்ள அடையாளம் எல்லாம் இருக்கிறது.

முழு வெள்ளை, ரோஜா மூக்கு என்றால் தோலில் நிறமி குறைவு என்று பொருள். அதே நிறமிச் செல்கள் உள்காதிலும் வேண்டும். அவை இல்லாத காதில் ஒலியை உணரும் பகுதிக்குப் போகும் ரத்த ஓட்டம் கெட்டு, குட்டி பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் சக்தி போய்விடும். ராஜபாளையத்தில் இது தெரிந்த சிக்கல்தான். எல்லா வெள்ளை நாய்க்கும் வராது. சிலதுக்கு இரண்டு காதும் போகும், சிலதுக்கு ஒன்று மட்டும். ஒற்றைக் காது போன நாய் கூப்பிட்டால் எழுந்திருக்கும், ஆனால் சத்தம் எந்தப் பக்கம் என்று தெரியாமல் தவறான திசையில் தேடும்.

கதவுச் சத்தத்துக்கு எழுவதை வைத்து "கேட்கிறதே" என்று முடிவு கட்டாதீர்கள். உங்கள் வீட்டுத் தேக்குக் கதவு நிலையில் மோதினால் தரை அதிரும். அந்த அதிர்வு தரையில் கிடக்கும் தாடை வழியாகவே அவனுக்குத் தெரியும்.

வீட்டிலேயே சோதிக்கலாம். அவன் தோட்டத்து மண்ணில் நன்றாகத் தூங்கும்போது, முதுகுப் பக்கமாக 8, 10 அடி தள்ளி நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். கை தட்ட வேண்டாம், காற்று பட்டுவிடும். காலால் தட்டக் கூடாது, உங்கள் நிழலும் அவன் மேல் விழக் கூடாது. காற்று அவன் பக்கமிருந்து உங்களை நோக்கி வர வேண்டும், இல்லையென்றால் வாசனையிலேயே எழுந்துவிடுவான். காது மடல் அசைகிறதா என்று மட்டும் பாருங்கள். வெவ்வேறு நாளில் ஐந்தாறு முறை செய்தால்தான் கணக்கு. அதற்கு முன் காதுக்குள் கெட்ட வாடை, கறுப்பு அழுக்கு, தலையை அடிக்கடி உதறுவது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சீழ் பிடித்த காதும் மந்தமாகத்தான் கேட்கும், அது மருந்தில் சரியாகும். உறுதியாகத் தெரிய, காதில் ஒலி கொடுத்து மூளையில் எழும் மின் அலையை அளக்கும் சோதனை இருக்கிறது. அது எங்கே செய்கிறார்கள் என்று உங்கள் கால்நடை மருத்துவர் மூலம் விசாரியுங்கள். உங்கள் பக்கத்துக்கு ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி கிட்டம்.

செவிடு என்று தெரிந்தால் கைச்சைகைதான் வழி. முதலில் கற்றுத்தர வேண்டியது "வா" அல்ல, "என்னைப் பார்". அவனாக உங்கள் முகத்தைப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு விநாடிக்குள் ஒரு துண்டு வேகவைத்த கோழிக்கறி கொடுங்கள். பட்டாணி அளவு போதும், உப்பு மசாலா கூடாது. ஒரு தடவைக்கு பத்துத் துண்டு, ஐந்து நிமிடம், நாளைக்கு மூன்று தடவை. பார்வை வந்த பிறகு இரண்டு கையையும் விரித்தால் "வா", உள்ளங்கை காட்டினால் "இரு", கட்டை விரல் தூக்கினால் "சபாஷ்". வீட்டில் எல்லோரும் ஒரே சைகையைத்தான் காட்ட வேண்டும். அப்பத்தா ஒன்று, நீங்கள் ஒன்று என்றால் அவன் குழம்பிப்போவான். இருட்டிய பிறகு வளவு விளக்கை இரண்டு தரம் அணைத்துப் போடுவதை "வா" என்று பழக்கலாம். அதிரும் கழுத்துப்பட்டை பரவாயில்லை. ஷாக் அடிக்கும் பட்டை வேண்டவே வேண்டாம். வேலி இல்லாத இடத்தில் கயிற்றை அவிழ்க்காதீர்கள், வண்டிச் சத்தம் அவனுக்குக் கிடையாது. இனப்பெருக்கத்துக்கும் விடாதீர்கள், இது பரம்பரையில் இறங்கும்.

கல்தரை விஷயம் வேறு. ஆத்தங்குடிக் கல்லை கண்ணாடித் தகட்டின் மேல் வார்த்து எடுப்பதால் முகம் வழுவழு. போதாக்குறைக்குத் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைப்பார்கள். நீளக்கால் வேட்டை நாய்க்கு அதில் பிடிமானம் இல்லை. சுவரோரம் போவது பயந்து அல்ல, கணக்குப் போட்டுத்தான். நிற்கும்போது நகம் தரையைத் தொட்டால் நீளம் அதிகம் என்று அர்த்தம். மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை நுனியில் 2 மி.மீ. வெட்டுங்கள். வெள்ளை நகத்தில் உள்ளே ரோஜா நிறமாக ரத்தக்குழாய் தெரியும், அதற்கு முன்னால் நிறுத்திவிட வேண்டும். தப்பித்தவறி ரத்தம் வந்தால் சோளமாவை அழுத்திப் பிடியுங்கள். அவன் போகும் தடத்தில் இரண்டடி அகலத்துக்குச் சாக்கு விரித்து, அந்த இடத்தில் எண்ணெய் துடைப்பை நிறுத்துங்கள். மண் தரையிலும் பின்னங்கால் இரண்டையும் சேர்த்து முயல் மாதிரி தாவினால் அது வழுக்கல் இல்லை, இடுப்பு எலும்பை எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

பள்ளம் தோண்டுவது சுத்தமான குணம். குளிர்ந்த மண் தேடுகிறான், அடிக்காதீர்கள். வேப்ப மரத்தடியில் நாலடிக்கு மூன்றடி, ஓரடி ஆழத்தில் நீங்களே ஒரு குழி எடுத்து மணல் கொட்டி, காலையில் தண்ணீர் தெளித்துவிடுங்கள். உங்கள் ஊர்ச் செம்மண் காய்ந்தால் பாறை, அதைத் தோண்டி நகம் பிய்த்துக்கொள்ளும் நாய்கள் உண்டு. ரோஜாத் தோல் வெயிலில் வெந்துபோகும், 11 மணி முதல் 4 மணி வரை நிழலிலேயே இருக்கட்டும். கடைசி இரண்டு மூன்று விலா தெரிந்தால் "சோறு போடுவதில்லையா" என்று தெருவில் கேட்பார்கள். இந்த இனத்துக்கு அதுதான் சரியான உடம்பு.

திண்ணைப்பூனை:

பூனைகள் என் பங்கு.

மஞ்சள் கடுவன் செய்வது எல்லை குறிப்பது. நின்றுகொண்டு, வால் நுனி நடுங்க, நேர்ச்சுவரிலோ பெட்டியிலோ கொஞ்சமாகப் பீய்ச்சினால் குறி. குந்தி உட்கார்ந்து தரையில் நிறையப் போனால் வேறு கதை: மணல் தட்டு அழுக்கு, அல்லது நோய். அடிக்கடி குந்தி, கத்தி, சொட்டுச் சொட்டாக வருகிறது அல்லது வரவே இல்லை என்றால் கடுவனுக்குச் சிறுநீர்க்குழாய் அடைப்பு. அன்றைக்கே மருத்துவமனைக்குத் தூக்குங்கள். ஒரு நாள் தாண்டினால் உயிருக்கே மோசம்.

குறி வைப்பதற்கு மருந்து காயடிப்பதுதான். பத்தில் ஒன்பது கடுவன் நிறுத்திவிடும். மறுநாளே நிற்காது, ஹார்மோன் இறங்கச் சில வாரம் ஆகும். இரண்டு வயதாகிப் பழகிப்போன பூனை என்பதால் இன்னும் கொஞ்சம் கூடலாம். அடுத்த குட்டிக்கு ஐந்தாறு மாதத்திலேயே முடித்துவிடுங்கள். மணல் தட்டு, பூனை எண்ணிக்கையோடு ஒன்று கூட்டி: உங்களுக்கு மூன்று. மூன்றையும் ரெண்டாங்கட்டில் வரிசையாக வைத்தால் பூனைக்கு அது ஒரே தட்டு.

இப்போது சுத்தம் செய்வது. இதில்தான் உங்கள் வீடு மாதிரி வீடுகளில் தப்பு நடக்கிறது. வாடை போக வினிகர், எலுமிச்சை என்று யாராவது சொல்வார்கள். ஆத்தங்குடிக் கல் சிமெண்டு, சுவர் சுண்ணாம்பு, இரண்டையும் புளிப்பு அரித்துவிடும். கல்லின் மினுக்கம் போய் வெள்ளைத் திட்டு விழும், அது திரும்பாது. ஃபினாயில் அதைவிட மோசம். அந்த வகைப் பொருளை உடைத்து வெளியேற்றும் வேலையைப் பூனையின் ஈரல் சரியாகச் செய்யாது. தரையில் மிதித்து, காலை நக்கி, உள்ளே போய்விடும். பிளீச்சிங் பவுடரும் ஆகாது, சிறுநீரின் அம்மோனியாவோடு சேர்ந்து மூச்சை அடைக்கும் வாயு வரும். என்சைம் கலந்த சலவைத்தூள் ஒரு தேக்கரண்டி, வெதுவெதுப்பான தண்ணீர் அரை லிட்டர். துணியை நனைத்துப் பிழிந்து பத்து நிமிடம் கறை மேல் போட்டு வையுங்கள், பிறகு நல்ல தண்ணீரில் துடையுங்கள். தேக்கில் ஈரம் நிற்க விடாமல் உடனே உலர்துணி. வாடை மிச்சம் இருந்தால் அதே இடத்தில் மறுபடி பீய்ச்சும்.

பெட்டைக்கு வருவோம். (மூவண்ணப் பூனை ஏறக்குறைய எப்போதும் பெட்டைதான், மஞ்சளில் கடுவன் அதிகம். நிற மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதுதான் காரணம்.) குப்பைமேனிக்கு நம் ஊரில் பூனைவணங்கி என்று இன்னொரு பெயர் சும்மா வரவில்லை. சங்கதி வேரில் இருக்கிறது. நிற்கும் செடியைப் பூனை கண்டுகொள்ளாது, பிடுங்கினால்தான் வந்து புரளும். மேல்நாட்டில் பூனைகள் இதே மாதிரி புரளும் கேட்நிப் செடியில் இருக்கும் வாசனைப் பொருளின் உறவுக்காரப் பொருள்தான் இதிலும். மயக்கம் சில நிமிடம், பிறகு கொஞ்ச நேரம் அந்த வாசனையே உறைக்காது. பழக்கம் ஆகாது. எல்லாப் பூனைக்கும் பிடிக்காது, சின்னக் குட்டிகள் திரும்பியே பார்க்காது. மோந்து புரளட்டும், தின்ன விடாதீர்கள். செடியில் சயனைடு சார்ந்த பொருள் உண்டு. குப்பைமேனி இல்லாத நேரமும் எச்சில் ஒழுகினால் பல்லைப் பாருங்கள்.

இதே வேரை வைத்தே தூண்களைக் காப்பாற்றலாம். 10 செ.மீ. பருமன், 90 செ.மீ. உயரத்தில் ஒரு கட்டை, அடியில் ஒன்றரை அடிச் சதுரப் பலகை. 8 மி.மீ. தேங்காய்நார்க் கயிற்றை மரப்பசை தடவி நெருக்கமாகச் சுற்றினால் சுமார் 40 மீட்டர் பிடிக்கும். உயரம் குறைந்தாலோ கட்டை ஆடினாலோ பூனை ஒரு தடவை தொட்டுவிட்டு மறுபடி தூணுக்கே போகும். நன்றாக நீட்டி முறிக்க இடம் வேண்டும், அதுதான் விஷயம். கயிற்றில் காய்ந்த வேரைத் தேய்த்து, இப்போது கீறும் தூணுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். ஒரு மாதம் போனபின் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தலாம். எடுத்ததும் மூலையில் வைத்தால் வேலைக்காகாது.

வளவுவீட்டுப் பேத்தி:

சாவிக்கொத்து சோதனை மூன்று நாள் செய்தாயிற்று, மடல் அசையவே இல்லை. வீட்டில் 4 வயதுப் பிள்ளை இருக்கிறது, தூக்கத்தில் சீறுவதுதான் பயமாக இருக்கிறது. கோழிக்கும் யாராவது சொல்லுங்கள்.

அடைக்கோழி:

கோழி அடை விழுந்திருக்கிறது, நோய் இல்லை. நாட்டுக்கோழி ஒரு ஈட்டு முட்டை இட்டு முடித்ததும் உட்காரும், முட்டையை நீங்கள் எடுத்துவிட்டது அதற்குக் கணக்கில்லை. கொண்டை சுருங்கி வெளுப்பதும், நெஞ்சு முடி உதிர்வதும், நாளைக்கு ஒரு முறை மட்டும் எழுந்து பெரிதாக நாறும் எச்சம் போடுவதும் அடையின் லட்சணம். நாளைக்கு ஒரு தடவைகூட எழாவிட்டால் தூக்கித் தீனிப் பக்கம் விடுங்கள். கூடையில் கோழிப்பேன் இருக்கிறதா என்றும் பாருங்கள், அடைக்கோழியை அது சும்மா விடாது. வைக்கோலை மாற்றி வேப்பிலை போடலாம். அடைக்கூடையில் மிளகாய் வற்றல், கரி, ஆணி போடுவது இடியில் முட்டை கெடாமல் இருக்க என்பார்கள். போட்டால் கெடுதல் இல்லை, குஞ்சு பொரிக்க வேண்டியதும் இல்லை.

குஞ்சு வேண்டும் என்றால் சேவல் சேர்ந்த முட்டை, இட்டு ஒரு வாரத்துக்குள் ஆனது, 8 முதல் 10. எல்லாவற்றையும் ஒரே ராத்திரி வையுங்கள். ஏழாம் நாள் இருட்டில் டார்ச் வைத்துப் பார்த்து, ரத்த நரம்பு தெரியாததை எடுத்துவிடுங்கள். 18ஆம் நாளுக்கு மேல் தொடக் கூடாது, 21இல் பொரிக்கும்.

வேண்டாம் என்றால் அடை தெளிய வைக்க வேண்டும். கிராமத்தில் தண்ணீரில் முக்கி எடுப்பார்கள், கோழி நடுங்குவதுதான் மிச்சம். அடியில் கம்பிவலை போட்ட கூண்டை இரண்டு செங்கல் மேல் தூக்கி வைத்து, வைக்கோல் இல்லாமல், தீனி தண்ணீரோடு மூன்று நாள் ராத்திரி பகலாக உள்ளே விடுங்கள். வயிற்றுக்குக் கீழே காற்று ஓடினால் சூடு இறங்கித் தெளியும். ஒரு வாரம் ஆனதால் நான்காம் நாளும் தேவைப்படலாம். திறந்துவிட்டதும் நேராகக் கூடைக்கே ஓடினால் இன்னும் தெளியவில்லை.

கண்மாய்க்கரை:

பேத்தி, சீறுவது கோபம் இல்லை, திடுக்கிடல். தூங்கும் நாயின் மூக்குக்கு நேராக, ஓரடி தள்ளிக் கையை நீட்டி வாசனை போக விடுங்கள். கண் விழித்ததும் தோளில் எப்போதும் ஒரே இடத்தில் லேசாகத் தொட்டு, உடனே கறித் துண்டு. நாளைக்கு நாலைந்து தடவை, இரண்டு மூன்று வாரம். "தொட்டால் கறி வரும்" என்று அவனுக்குப் பதிய வேண்டும். இதைப் பெரியவர்கள் மட்டும் செய்யுங்கள்.

பிள்ளைக்கும் அவனுக்கும் இடையில் கதவு ஒன்று இருக்கட்டும். அவன் படுக்கையை ஆள் நடமாட்டம் இல்லாத மூலையில், முதுகு சுவர்ப்பக்கம் வரும்படி போடுங்கள். நடைபாதையில் படுக்க விட்டால் யாராவது மிதிப்பார்கள். பெரியவர் கண் பார்வையில் இல்லாமல் இருவரையும் ஒன்றாக விடாதீர்கள், பழகிய பிறகும்தான். நாய் பல்லைக் காட்டினால் அடிக்காதீர்கள். அது எச்சரிக்கை. அடித்து நிறுத்திவிட்டால் அடுத்த முறை எச்சரிக்காமலே கடிக்கும். வெறிநோய்த் தடுப்பூசி மூன்று மாதத்தில் முதல் ஊசி, பிறகு மருத்துவர் சொல்லும் தேதியில் தவறாமல். பூனைகளுக்கும் உண்டு. பல் பட்டுவிட்டால் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், வீட்டு நாய்தானே என்று இருக்க வேண்டாம்.

திண்ணைப்பூனை:

ஒன்று விட்டுப்போனது. நாய்க்கு உண்ணி மருந்து முதுகில் ஊற்றுவதாக இருந்தால் லேபிளில் பெர்மெத்ரின் என்று இருக்கிறதா பாருங்கள். நாய்க்கு ஒன்றும் ஆகாது, அதன் மேல் உரசிய பூனைக்கு வலிப்பு வரும். காய்ச்சல் என்று பாராசிட்டமால் கால் மாத்திரைகூடப் பூனைக்குக் கூடாது. மிஞ்சிய கோழிக் குழம்பில் சோறு பிசைந்து வைக்கிறீர்கள் என்றால் அதையும் நிறுத்துங்கள். காரத்தைவிட அதில் அரைத்திருக்கும் சின்ன வெங்காயமும் பூண்டும்தான் ஆபத்து. நாய், பூனை இரண்டுக்கும் ரத்தச் சிவப்பணு உடைந்து, சில நாள் கழித்து ஈறு வெளுத்துப் படுத்துவிடும். அப்பத்தாவிடம் இதை மட்டும் யாராவது பக்குவமாகச் சொல்ல வேண்டும்.