தாழையில கோடு போட்டது யாரு?

(குடும்பக் குழு. ஞாயிறு. தாழை: கடலடியில வளர்ற புல்)

பாண்டி: 🎥 வீடியோ 0:41

பாண்டி: வலை அடியில மாட்டிக்கிச்சுன்னு இறங்குனேன். தாழைய எப்படிக் கிழிச்சி வெச்சிருக்கானுவ பாருங்க

குமார்: விசைப்படகு வேலைதான். ராத்திரி கரையோரம் வந்து இழுத்துட்டுப் போயிருக்கான். 3 கடல் மைலுக்குள்ள வரக் கூடாதுன்னு 1983லயே சட்டம் போட்டாச்சு. எவன் மதிக்கிறான்

சரோஜா: வழிச்சி எடுத்த மாதிரில்ல இருக்கு

ரவி: மாமா இத சும்மா விடக் கூடாது. நான் ஸ்டேட்டஸ்ல போட்டுட்டேன் 😡

தேன்மொழி: அண்ணா முதல்ல அத எடுங்க

தேன்மொழி: பாண்டி, அங்க எத்தனை பாகம் ஆழம்?

பாண்டி: ரெண்டு பாகம்கூட இருக்காது

தேன்மொழி: 0:23ல ஒரு கோட்டுக்குப் பக்கத்துல உன் கை வருது. அகலம் உன் சாணுக்கு எவ்வளவு வரும்?

பாண்டி: சரியா ஒரு சாண். ஒண்ணு ரெண்டு கொஞ்சம் கம்மி

தேன்மொழி: நீளம்? நேரா போகுதா?

பாண்டி: ஒரு ஆள் நீளம், சிலது ரெண்டு ஆள். நேரா இல்ல, நெளிஞ்சு நெளிஞ்சு போகுது. பத்துப் பதினஞ்சு கோடு பார்த்தேன்

தேன்மொழி: மாமா, அது விசைப்படகு இல்ல. ஆவுளியா, அதான் கடல் பசு, மேஞ்ச தடம்!!

குமார்: போடி. நான் ஆவுளியாவக் கண்ணால பார்த்தே எத்தனையோ வருஷம் ஆச்சு

தேன்மொழி: நீங்க பார்க்கலைன்னா அது இல்லைன்னு ஆயிடுமா மாமா 😄 இழுவை மடி வலை போன இடம் எப்படி இருக்கும்னு என்னைவிட உங்களுக்குத் தெரியும். வலையோட பலகை ரெண்டும் ரெண்டு பக்கம் உழுதுட்டே போகும், கோடு கண்ணுக்கெட்டுற தூரம் நேரா ஓடும், நடுவுல இருக்குறதும் சிதைஞ்சிருக்கும். புரொப்பல்லர் பட்டா ஒடுக்கமா ஆழமா வெட்டு விழும். நங்கூரம்னா குழி. இங்க பாருங்க, கோடு திடீர்னு தொடங்குது, ரெண்டு ஆள் நீளத்துல முடியுது, ரெண்டு பக்கமும் தாழை ஆடாம அசையாம நிக்குது

குமார்: அது சரி... நடுவுல ஒண்ணும் சிதையல

மாணிக்கம் பெரியப்பா: ஆடு மாடு போல நுனியை மட்டும் மேயாதா? மண் தெரியும்படி ஏன் தோண்டுகிறது?

தேன்மொழி: சத்து மண்ணுக்குள்ளதான் பெரியப்பா. பொடி இலைத் தாழைக்குத் தரைக்கு அடியில தண்டு ஓடும், மாவுச்சத்தெல்லாம் அதுல. ஆவுளியா மூஞ்சி கீழ்ப்பக்கமா மடிஞ்சு தட்டையா இருக்கும். அத மண்ணுல அழுத்திக்கிட்டே முன்னால நகரும். இலை, தண்டு, வேர் மூணையும் சேர்த்து எடுத்துடும். மூஞ்சி அகலம்தான் கோட்டோட அகலம். நல்லா வளர்ந்தது ஒரு நாளைக்கு 30, 40 கிலோ தின்னும்

ரவி: மீன் தானே அது? இவ்ளோ புல்லு தின்னுமா

தேன்மொழி: மீன் இல்ல அண்ணா. குட்டி போட்டுப் பால் கொடுக்குற பிராணி. திமிங்கலம்கூட சொந்தம் கிடையாது, யானைதான் தூரத்துச் சொந்தம்

சரோஜா: கோடு கொஞ்சம் கம்மியா இருக்குன்னானே பாண்டி, அது குட்டியோட தடமா இருக்குமா? 🥺

தேன்மொழி: இருக்கலாம் அத்தை. ஆனா மண்ணு இளகலா இறுகலாங்கிறதப் பொறுத்தும் அகலம் மாறும். நானா குட்டின்னு எழுதிட்டா என் ஆராய்ச்சி கைடு என்னையத் தோண்டிடுவாரு

மாணிக்கம் பெரியப்பா: தேனு, ஒரு கேள்வி. தினமும் படகில் போகிறாய். நேரில் எத்தனை பார்த்தாய்? எத்தனை இருக்கின்றன என்றே தெரியாமல் எதைப் பாதுகாப்பது?

தேன்மொழி: இதே கேள்விய எல்லாரும் கேக்குறாங்க பெரியப்பா. இந்தியக் கடல் முழுக்க, கட்ச் வளைகுடா, நம்ம பாக் விரிகுடா - மன்னார் வளைகுடா, அந்தமான் எல்லாம் சேர்த்து சுமார் 200ன்னு சொல்றாங்க. அதுவும் மதிப்பீடுதான். மூச்சுவிட மேல வரும்போது மூக்கு மட்டும்தான் வெளிய தெரியும், ஒரு நொடி, அவ்வளவுதான். திமிங்கலம் மாதிரி பீச்சி அடிக்காது, ஓங்கிலு (டால்பின்) மாதிரி குதிக்காது. கலங்கல் தண்ணியில படகுக்குப் பக்கத்துல இருந்தாலும் தெரியாது

தேன்மொழி: ஆஸ்திரேலியாவுல ஆயிரக்கணக்குல இருக்கு, அங்க விமானத்துல பறந்து எண்ணுறாங்க. எண்ணுனது பாதி வேலைதான். தண்ணிக்குள்ள இருந்ததால தெரியாம போனது எவ்வளவு, தெரிஞ்சும் ஆள் கவனிக்காம விட்டது எவ்வளவுன்னு ரெண்டையும் தனித்தனியா கணக்குப் போட்டுச் சேர்க்கணும். அதுக்காக ஆவுளியா மாதிரி பொம்மை செஞ்சு கடல்ல இறக்கி, எவ்வளவு ஆழம் வரைக்கும் மேலருந்து தெரியுதுன்னு பார்த்தாங்க

ரவி: பொம்மையா 😂😂

பாண்டி: எனக்கு ஒண்ணு குடு, விசைப்படகுக்காரன் வர்றப்ப மிதக்க விடுறேன்

தேன்மொழி: 😂 நம்ம கடல்ல இருக்குறது கொஞ்சம். விமானத்துல போனா ஒண்ணும் பார்க்காமலே திரும்பலாம். அதனால நான் பிராணியத் தேடல பெரியப்பா, மேய்ச்சல் நிலத்தத் தேடுறேன். எங்க தின்னுது, எந்தத் தாழைய விட்டுட்டுப் போகுது, தின்ன இடத்துக்குத் திரும்ப வருதா. இது தெரிஞ்சா எங்க எப்போ வலை ஆபத்துன்னு சொல்லலாம். தலை எண்ணிக்கை தெரியிற வரைக்கும் காத்திருந்தா எண்ணுறதுக்கு ஒண்ணும் மிஞ்சாது

மாணிக்கம் பெரியப்பா: அப்படியானால் தடம் இல்லாத இடத்தில் அது இல்லை என்று கொள்ளலாமா?

தேன்மொழி: அங்கதான் வம்பு. பட்டையிலைத் தாழை இருக்கே, அது வேர் கெட்டி, தோண்ட முடியாது. அங்க இலைய மட்டும் கடிச்சிட்டுப் போயிடும், கோடே விழாது. பொடி இலைத் தாழையில விழுந்த கோடும் சில வாரம், சில மாசத்துல மூடிடும். அதனால ஒரு தடவ போய்ப் பார்த்துட்டு "இல்ல"ன்னு எழுதுறது தப்பு. ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகணும். புதுக் கோடு விழுந்திருந்தா அது வந்து போற இடம்

குமார்: தேனு, ஒண்ணு சொல்றேன் கேளு. இந்தத் தாழைய ஆவுளியா இப்படித் தோண்டித் தின்னா இறால் குஞ்சு, நண்டு எல்லாம் எங்க போய் ஒண்டும்? தாழை இல்லாம நமக்குப் பொழப்பு கிடையாது

தேன்மொழி: அது தின்னது சாண் அகலம் மாமா. பக்கத்துலருந்தே தண்டு ஓடி மூடிடும், துளிர் இளசா வரும். தாழை விதை அதோட சாணியில முளைக்கிற பக்குவத்துலயே வெளிய வருதுன்னும் ஆஸ்திரேலியாவுல பார்த்திருக்காங்க. தின்னுட்டு விதைச்சிட்டும் போகுது

குமார்: ம்ம். கஜா அடிச்ச 2018ல தாழை பூரா கரையில கிடந்துச்சு. அப்ப இதெல்லாம் என்னத்த தின்னுச்சோ

தேன்மொழி: நல்ல கேள்வி மாமா. ஆஸ்திரேலியாவுல குயின்ஸ்லாந்துல 2010-11ல பெரு வெள்ளம், பின்னாலயே யாசின்னு ஒரு புயல். தாழை அழிஞ்சுது. 2011ல செத்து ஒதுங்குனது கூடிப் போச்சு. அந்த வருஷக் கடைசியில பறந்து எண்ணுனப்ப தெற்குப் பக்கம் ஒரு குட்டிகூடக் கண்ணுல படல. தீனி இல்லன்னா குட்டி போடுறத நிறுத்திடும். சும்மாவே 3லருந்து 7 வருஷத்துக்கு ஒரு குட்டிதான், வயித்துல சுமக்குறதே ஒரு வருஷத்துக்கு மேல

சரோஜா: அய்யோ பாவம்

தேன்மொழி: அதனாலதான் ஒரு பொட்டை வலையில செத்தா அவ்வளவு பெரிய நட்டம். மூச்சுக்கு அடிக்கடி மேல வரணும், பெரும்பாலும் மூணு நிமிஷத்துக்குள்ள. வலையில சுத்திக்கிட்டா மூச்சடைச்சே செத்துடும்

குமார்: திருக்கை வலையிலதான் மாட்டும். கண்ணி பெருசு, நூல் தடிப்பு, ராத்திரி விட்டுட்டு வந்துடுவோம். எங்கப்பா காலத்துல மாட்டுனா அறுத்து வித்துட்டாங்க. இப்ப அந்தப் பேச்சே எடுக்க முடியாது

மாணிக்கம் பெரியப்பா: வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள பிராணி. புலிக்குச் சமம்.

குமார்: அதுதான் அண்ணே பயமே. இந்த வீடியோ வெளிய போனா நாளைக்கு அங்க வலை விடாதேம்பான். 2022ல ஆவுளியாவுக்குன்னு எல்லை போட்டப்பவே எங்க பக்கம் யாருக்கும் தூக்கம் இல்ல

தேன்மொழி: அதிராம்பட்டினத்துலருந்து அம்மாபட்டினம் வரைக்கும் 448 சதுர கிலோமீட்டர், பாதுகாப்பகம் மாமா. தேசியப் பூங்கா கிடையாது. உள்ள போகவே அனுமதி வாங்கணும்ங்கிற விதி இதுக்கு இல்ல. பாதுகாப்பகம் அறிவிக்கணும்னா ஊர்க்காரங்களக் கலந்து பேசணும்னு சட்டத்துலயே இருக்கு. உயிரோட வலையறுத்து விட்டவங்களுக்கு வனத்துறை பாராட்டிப் பணமும் கொடுத்திருக்கு, தெரியும்ல

குமார்: தெரியும். வலை போன காசுக்கு அது காணாது, அது வேற விஷயம்

தேன்மொழி: அத நான் மறுக்கல மாமா. அறிக்கையில அதையும் எழுதுறேன், சும்மா சொல்லல

ரவி: ஸ்டேட்டஸ எடுத்துட்டேன். 14 பேர் பார்த்துட்டாங்க, ஆனா எந்த இடம்னு போடல

தேன்மொழி: நல்லதா போச்சு. இடம் வெளிய தெரிஞ்சா வேடிக்கை பார்க்க படகு படகா வருவாங்க. சத்தம் கூடுனா அதுவே இடத்த மாத்திடும். யாரும் ஃபார்வர்டு பண்ணாதீங்க, சரோஜா அத்தை உங்களத்தான் 😄

சரோஜா: நான் யாருக்குடி அனுப்பப் போறேன்

பாண்டி: அம்மா ஏற்கெனவே பெரியம்மாவுக்கு அனுப்பிட்டாங்க

சரோஜா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

குமார்: சரி, இப்ப நான் என்ன பண்ணணுங்கிற? திருக்கை வலைய வேற பக்கம் கொண்டு போகவா

தேன்மொழி: முடிஞ்சா கொஞ்ச நாளைக்கு அந்தப் பொடித் தாழைப் பக்கம் வேணாம் மாமா. எங்க போட்டாலும் ராத்திரி விட்டுட்டு வராதீங்க. பக்கத்துலயே கிடந்தீங்கன்னா, மாட்டுனாலும் மூச்சு நிக்கிறதுக்குள்ள அறுத்து விடலாம்

குமார்: ராத்திரி காவல் கிடந்தா தூக்கம் போகும், டீசல் போகாது. பார்க்குறேன். சோமுகிட்டயும் சொல்றேன், அவனும் அந்தப் பக்கம்தான் விடுறான்

தேன்மொழி: பாண்டி, நான் அரை மீட்டர் சதுரச் சட்டம் கொண்டு வர்றேன். அதத் தரையில வெச்சு, உள்ள எந்தத் தாழை எவ்வளவு, கோடு எத்தனைன்னு எண்ணணும். கோட்டு ஓரத்துல சின்னக் குச்சி நட்டுட்டு வருவோம், மூட எத்தனை நாள் ஆகுதுன்னு தெரியும்

பாண்டி: குச்சி நட்டா நண்டு வலை மாட்டிக்காது?

தேன்மொழி: விரல் நீளம்தான் வெளிய நிக்கும்

குமார்: மாட்டும். குச்சி வேணாம். கல்லுல பெயிண்ட் அடிச்சு வை

தேன்மொழி: அதுவும் சரிதான். கல்லே வெச்சிடுவோம்

குமார்: வியாழக்கிழமை வா. விடிய அஞ்சு மணிக்குக் கிளம்புனாதான் காத்து எடுக்குறதுக்குள்ள திரும்பலாம். காத்து எடுத்தா தண்ணி கலங்கிடும், உன் சட்டமும் தெரியாது, உன் கையும் தெரியாது

மாணிக்கம் பெரியப்பா: நானும் வரலாமா?

குமார்: அண்ணே உங்களுக்குப் போன தடவையே வாந்தி

தேன்மொழி: பெரியப்பா நீங்க கரையில இருந்து எண்ணிக்கைய நோட்டுல ஏத்துங்க. பாண்டி எழுதுனா 7ம் 1ம் ஒண்ணாத்தான் இருக்கும்