கறுப்பின மக்கள் வரலாறும் நம் தோட்டத்து வரலாறும்: பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது?

பந்தலூர்_மாலைவகுப்பு:

வணக்கம். பந்தலூர் பக்கம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுக்கிறேன். எட்டாவதிலிருந்து பத்தாவது வரை படிக்கிறவர்கள், பெரும்பாலும் 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு சிலோனிலிருந்து வந்த குடும்பங்கள். ஆப்பிரிக்க அடிமை வணிகத்தில் தொடங்கி, கரீபியனில் பிரெஞ்சுக் காலனியாக இருந்த ஹெய்ட்டி வரை வந்துவிட்டோம். 1791ல் அடிமைகள் எழுந்து, பிரெஞ்சுப் படையையே தோற்கடித்து, 1804ல் தனிநாடு அமைத்ததை அவ்வளவு ஆர்வமாகக் கேட்டார்கள். அப்புறம் 1834ல் பிரிட்டன் அடிமை முறையை ஒழித்தது, கரும்புத் தோட்டங்களுக்கு இந்தியாவிலிருந்து கூலிகளை ஏற்றிப்போனார்கள் என்றதும் ஒரு பெண் கேட்டாள்: "அப்போ அவங்க பொழப்பைக் கெடுக்கத்தான் நம்ம ஆளுங்க போனாங்களா டீச்சர்?" ஒரு பையன், "நம்மளும் அடிமைதானே, ரெண்டும் ஒண்ணுதான்" என்றான். இரண்டுக்கும் அவசரமாகப் பதில் சொல்ல மனம் வரவில்லை. நீங்கள் எப்படிச் சொல்வீர்கள்?

கோத்தகிரி_படிப்பகம்:

டீச்சர், அந்தப் பெண் கேட்டதுதான் சரியான கேள்வி, அங்கிருந்தே ஆரம்பியுங்கள். முதலில் பணம் யாருக்குப் போனது என்று சொல்லுங்கள். அடிமை முறையை ஒழித்தபோது பிரிட்டிஷ் அரசு 2 கோடி பவுண்டு நஷ்டஈடு கொடுத்தது, அத்தனையும் முதலாளிகளுக்கு. விடுதலையானவர்களுக்கு ஒரு காசு இல்லை. அதோடு 1838 வரை 'பயிற்சித் தொழிலாளி' என்ற பெயரில் பெரும்பாலான இடங்களில் அதே முதலாளியிடம் சம்பளமில்லாமல் உழைக்க வேண்டும். அந்த நஷ்டஈட்டுக்காக வாங்கிய கடனை பிரிட்டன் கட்டி முடித்தது 2015ல்தான்.

அடுத்து ஜான் கிளாட்ஸ்டன் என்ற ஒரே ஆளை எடுத்துக்கொள்ளுங்கள், எல்லாம் விளங்கிவிடும். பிரிட்டிஷ் கயானாவில், அதாவது இன்றைய கயானாவில், இவருக்குக் கரும்புத் தோட்டங்கள். 1823ல் அங்கே டெமராரா பகுதி அடிமைகள் ஆயிரக்கணக்கில் கிளர்ந்தது இவருடைய தோட்டத்திலிருந்துதான், குவாமினாவும் அவர் மகன் ஜாக்கும் முன்னின்றார்கள். நஷ்டஈட்டில் இவருக்கு மட்டும் ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் கிடைத்தது. அதே ஆள் 1836ல் கல்கத்தா கம்பெனி ஒன்றுக்குக் கடிதம் எழுதி ஆள் கேட்கிறார். 1838ல் முதல் இரண்டு கப்பல் போய்ச் சேர்ந்தது.

ஏன் ஆள் கேட்டார்? விடுதலையான ஆப்பிரிக்கர்கள் சோம்பேறிகள் என்று முதலாளிகள் எழுதி வைத்தார்கள். அந்தப் பொய்யை வகுப்பில் கட்டாயம் உடைக்க வேண்டும். 1839ல் 83 பேர் கையில் இருந்ததைப் போட்டு, கைவிடப்பட்ட ஒரு தோட்டத்தையே விலைக்கு வாங்கி விக்டோரியா என்று கிராமம் அமைத்தார்கள். 1842ல் கூலியைக் குறைத்தபோது வேலைநிறுத்தம் செய்து ஜெயித்தார்கள். 1848ல் மறுபடி நிறுத்தியபோது தோற்றார்கள், ஏனென்றால் அதற்குள் போர்ச்சுகலின் மதெய்ரா தீவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் ஆட்களை இறக்கியிருந்தார்கள். அந்தக் கப்பல் செலவில் ஒரு பகுதி அரசு வருவாயிலிருந்து போனது, அதாவது விடுதலையானவர்கள் கட்டிய வரியும் அதில் உண்டு. போனவர்களுக்கு இதெல்லாம் தெரியாது. பஞ்சத்துக்கும் கடனுக்கும் தப்பித்து ஏறியவர்கள், ஆசை காட்டி ஏற்றப்பட்டவர்கள். பொழப்பைக் கெடுத்தது யார் என்று பிள்ளைகளே சொல்லட்டும்.

இன்னொன்றும் சொல்லுங்கள், இது அவர்கள் வீட்டுக் கதை. அடிமை முறை ஒழிந்ததும் ஜமைக்காவில் காபி விளைச்சல் சரிந்தது, அந்தச் சந்தையைப் பிடிக்கத்தான் சிலோனில் காடு வெட்டிக் காபி போட்டார்கள். ராபர்ட் பாய்ட் டைட்லர் என்ற துரை ஜமைக்காவில் தொழில் பழகி 1830களில் சிலோன் வந்து அந்த முறையைக் கொண்டுவந்தவர். 1869ல் இலைநோய் வந்து காபி அழிந்த பிறகுதான் தேயிலை. இந்தப் பிள்ளைகளுடைய பூட்டன் பூட்டி கண்டி மலைக்கு நடந்துபோனதற்கு ஒரு காரணம் ஜமைக்காவில் இருக்கிறது.

சேரங்கோடு_பேத்தி:

நல்லா சொன்னீங்க அண்ணா. ஆனா டீச்சர், அந்தப் பையனை "நீ சொன்னது தப்பு" என்று ஒரே வெட்டாக வெட்டிவிடாதீர்கள். என் பாட்டி லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில் பிறந்து, விடிகாலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கிற பெரட்டுக்கு நின்று, கங்காணி திட்டு வாங்கிக் கொழுந்து எடுத்தவர். அவருடைய அப்பா காலத்தில் துண்டு முறை இருந்தது. கங்காணியிடம் பட்ட கடனைத் துண்டுச் சீட்டில் எழுதித் தருவார்கள், அதை அடைக்க ஒப்புக்கொள்கிற தோட்டத்துக்குத்தான் குடும்பத்தோடு மாற முடியும். 1921ல்தான் தடை செய்தார்கள். 1948ல் குடியுரிமையும் போனது. இங்கே வந்தால் 'சிலோன்காரங்க' என்று தனியாக ஒதுக்கினார்கள். இதையெல்லாம் வீட்டில் கேட்டு வளர்ந்த பையன் 'அடிமை' என்கிறான், அவன் வலி நிஜம்.

கொடைக்கானல்_வாசகர்:

வலி நிஜம்தான் தங்கச்சி, மறுக்கவில்லை. ஆனாலும் இரண்டும் ஒன்று என்று விட்டுவிடக் கூடாது என்பது என் அழுத்தமான கருத்து. அட்லாண்டிக் கடலில் கப்பலேற்றப்பட்ட ஆப்பிரிக்கர்கள் சுமார் 1 கோடியே 25 லட்சம் பேர், அதில் ஏறத்தாழ 18 லட்சம் பேர் கரையே பார்க்கவில்லை. அடிமைப் பெண் பெற்ற பிள்ளை பிறக்கும்போதே முதலாளியின் சொத்து, தாயிடமிருந்து பிரித்து விற்கலாம். பெயரையும் பிடுங்கினார்கள். கரும்புத் தோட்டங்களுக்குப் போன நம்மவர்கள் ஒப்பந்தத்தில் போனவர்கள், அது எவ்வளவு ஏமாற்றாக இருந்தாலும் ஒரு முடிவுத் தேதி இருந்தது, மாரியம்மனையும் மதுரை வீரனையும் கூடவே கொண்டுபோக முடிந்தது. அந்த வித்தியாசத்தைச் சொல்வது நம் வலியைச் சின்னதாக்காது.

தென்னாப்பிரிக்காவில் இருக்கும் நேட்டாலையும் சேருங்கள். 1860ல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் போனார்கள். அங்கே ஒப்பந்தம் முடிந்தும் தங்கிய இந்தியருக்கு 3 பவுண்டு வரி, ஆப்பிரிக்க ஆண்களுக்குத் தலைவரி 1 பவுண்டு. இரண்டுமே கரும்புக்கும் சுரங்கத்துக்கும் ஆள் துரத்துகிற வரி. தலைவரியை எதிர்த்து 1906ல் பம்பாதா தலைமையில் ஜூலு மக்கள் எழுந்தார்கள், வெள்ளை அரசு அவர்களை ஆயிரக்கணக்கில் கொன்றது. தில்லையாடி வள்ளியம்மையைச் சொல்கிற நாம் பம்பாதாவைச் சொல்வதே இல்லை.

நம்மவர்கள் ஆப்பிரிக்கர்களைக் கீழாகப் பார்த்ததையும் மறைக்காதீர்கள். 1949ல் நேட்டாலின் டர்பன் நகரில் ஆப்பிரிக்கர்களுக்கும் இந்தியர்களுக்கும் இடையே நடந்த கலவரத்தில் 142 பேர் செத்தார்கள், அதிகம் பேர் ஆப்பிரிக்கர்கள், இந்தியர்களும் ஐம்பது பேர். வெள்ளை அரசு இரண்டு பேரையும் மேல்படி, கீழ்படி என்று நிறுத்தி வைத்ததன் விளைவு அது, ஆனால் அந்தப் படியில் நம்மவர்களுக்கு ஒரு சுகமும் இருந்தது. நம் பிள்ளைகள் வேலைக்குப் போகிற பெங்களூரில் 2016ல் ஒரு தான்சானியா மாணவியைக் கும்பல் அடித்ததே, அதையும் இதோடு சேர்த்துப் பேச வேண்டும்.

பந்தலூர்_மாலைவகுப்பு:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. முதலில் விக்டோரியா கிராமம், அடுத்து ஜமைக்கா காபி, அதோடு பாட்டி தாத்தாக்களை வகுப்புக்குக் கூப்பிட்டுத் துண்டு, பெரட்டு பற்றிப் பேசச் சொல்கிறேன். டர்பன் கலவரத்தை எட்டாவது பிள்ளைகளுக்கும் சொல்லலாமா?

கொடைக்கானல்_வாசகர்:

சொல்லுங்கள் டீச்சர். பெங்களூர் செய்தி மாதிரி எத்தனையோ அவர்கள் போனில் பார்க்கிறவர்கள்தான். ஆனால் தனியாகச் சொல்லாதீர்கள். 1947 மார்ச்சில் ஆப்பிரிக்கர் தரப்பில் சூமாவும் இந்தியர் தரப்பில் நாயக்கரும் தாதூவும் சேர்ந்து போராட ஒப்பந்தம் போட்டதை முன்னால் வையுங்கள். மூவருமே டாக்டர்கள், பிள்ளைகளுக்கு நினைவில் நிற்கும். பின்னால் 1952 சட்டமறுப்பு இயக்கம்: ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸும் தென்னாப்பிரிக்க இந்தியக் காங்கிரஸும் சேர்ந்து நடத்தியது, 8,000 பேருக்கு மேல் கைதானார்கள்.