2022 நகராட்சித் தேர்தல்: எங்கள் வார்டில் ஓட்டுக் கேட்டு வந்தவர்கள்

தருமபுரியிலிருந்து:

நகராட்சியில் மொத்தம் 33 வார்டு. எங்களுடையது பெண்களுக்கு ஒதுக்கியது. அதனால் நோட்டீஸில் எல்லாம் பெண்கள் படம். வாசலில் நின்று பேசியதெல்லாம் ஆண்கள். கட்சி வேட்பாளர் ஒருவர் வந்தபோது அவருடைய வீட்டுக்காரர்தான் முன்னால் வந்து, "ஜெயிச்சதும் நான் என்ன பண்ணப் போறேன்னா..." என்று ஆரம்பித்தார். அந்தப் பெண் ஆரத்திக்குக் குனிந்ததோடு சரி. என் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "நீ பேசு கண்ணு, ஓட்டு உனக்குத்தானே?" என்று கேட்டுவிட்டார். அந்தப் பெண் தன் வீட்டுக்காரரைப் பார்த்தார். வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே அடுத்த வீட்டுக்கு நடந்தார்.

அப்புறம் ஒரு சுயேச்சை வந்தார். டெய்லர் கடை வைத்திருக்கும் அக்கா, தனியாகத்தான் வந்தார். வாபஸ் வாங்கும் நாள் பிப்ரவரி 7 முடிந்த பிறகுதான் சுயேச்சைகளுக்குச் சின்னம்; 17 மாலை ஆறு மணியோடு பிரசாரம் முடிவு. "நோட்டீஸ் அச்சகத்துல இருந்து வர்றதுக்கே பாதி நாள் போச்சுங்க" என்று அலுத்துக்கொண்டார்.

தினமும் தண்ணீர் விடுவீங்களா என்று தம்பி கேட்டான். இந்த ஊரில் அது சின்னக் கேள்வி இல்லை. போர் தண்ணியில் ஃப்ளோரைடு அதிகம், கறை படிந்த பல்லோடு எத்தனையோ பேரைப் பார்க்கலாம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். மற்ற வேட்பாளர்கள் "கண்டிப்பா" என்றார்கள். அக்கா சொன்னது: "அது என் கையில இல்ல தம்பி. குடிநீர் வாரியம் கொடுக்கறதுதான் நம்ம டேங்குக்கு வருது. நம்ம தெருவுக்கு எப்போ திறந்து விடறாங்கன்னு மன்றத்துல கேட்பேன். சாக்கடைக்கும் தெருவிளக்குக்கும் எழுதிக் கொடுத்து விடாம துரத்துவேன். அவ்ளோதான்."

எனக்கு அந்த "அவ்ளோதான்" பிடித்தது. வார்டுக்குப் பிடிக்கவில்லை போல, தோற்றுவிட்டார்.

கிருஷ்ணகிரி பழையபேட்டையிலிருந்து:

இங்கே ஓட்டுக் கேட்க வருகிறவர் ஒரே தெருவில் தமிழ், உருது, தெலுங்கு என்று வீட்டுக்கு வீடு மாற்றிப் பேச வேண்டும். எங்களிடம் வந்தவர் 2011இல் ஜெயித்தவர். 2016இல் பதவிக்காலம் முடிந்து, அடுத்த தேர்தல் வரும்வரை ஐந்து வருஷத்துக்கு மேல் நகராட்சியில் கவுன்சிலரே கிடையாது, தனி அலுவலர்தான். குழாய் உடைந்தால் அப்போதும் இவருக்குத்தான் போன் போட்டோம், எடுத்தார். மறுபடி நின்றபோது அந்த ஐந்து வருஷக் குறையையும் இவர் தலையில் கட்டித் தெருவே திட்டியது. "பதவியே இல்லாம வேலை பார்த்தேனே, அதுக்குமா திட்டு?" என்றார் உருதுவில். கேட்டவர்கள் சிரித்தார்கள், ஆனால் திட்டுவதை நிறுத்தவில்லை.

ஓசூரிலிருந்து:

முதல் ஆளுக்கு: அந்த டெய்லர் அக்கா திரும்ப நிற்பாரா?

தருமபுரியிலிருந்து:

பிளவுஸ் தைக்கக் கொடுத்தபோது அம்மா கேட்டாராம். நிற்பாராம். நோட்டீஸ் மட்டும் வேற அச்சகத்தில் அடிப்பாராம்.